பேசாத பதினான்கு கணினிகள்

பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு வீரையன் சாரிடமிருந்து போன் வந்தது. ஜெயபாரதி நன்னிலத்தில் தன் வீட்டில், கம்பெனி வேலைக்காக மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஜெயபாரதி, ஒரு மெஷின்கூட பேச மாட்டேங்குதும்மா,” என்றார் அவர். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். “முந்தாநாள் வரைக்கும் நல்லா பேசிச்சு. நேத்து சாயங்காலம் தேர்வு சாப்ட்வேர் ஏத்த ஆளுங்க வந்தாங்க. ஏத்திட்டுப் போயிட்டாங்க. காலைல ஆன் பண்ணா பதினாலும் கப்சிப்.”

“எதையும் தொடாதீங்க சார். நான் வர்றேன்.”

அப்பா துரைராசு உளுந்து பிடுங்க ஆள் வைத்திருந்ததால் வயலுக்குப் போயிருந்தார். அவரைக் கூப்பிட்டுத் துணைக்கு வரச் சொல்ல அவளுக்கு மனமில்லை. கோலையும் மடிக்கணினிப் பையையும் எடுத்துக்கொண்டு கும்பகோணம் பேருந்தில் ஏறினாள்.

நாலு வயதில் காய்ச்சலில் பார்வை போனவள் ஜெயபாரதி. இப்போது முப்பத்து மூன்று. திரையில் இருக்கும் எழுத்தைக் கணினி படித்துக் காட்ட இரண்டு பேர் வேண்டும்: திரையிலிருந்து எழுத்தை எடுத்துக் கொடுக்கும் திரைவாசிப்பான் ஒன்று, அந்த எழுத்தை ஒலியாக மாற்றும் குரல் எஞ்சின் ஒன்று. எட்டு வருஷத்துக்கு முன் தமிழுக்கு நல்ல குரல் எஞ்சின் கிடைக்காமல் வெறுத்துப்போய் அவளே ஒன்றை எழுதினாள். அதற்கு நாவொலி என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். இந்தப் பள்ளியின் கணினிகள் அந்தக் குரலில்தான் பேசின.

இந்த வருஷம் அதற்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. சோதனை முயற்சியாக இந்தப் பள்ளியின் பிளஸ் டூ பிள்ளைகள் பதினான்கு பேரும், சொல்வதைக் கேட்டு எழுதும் ஆள் இல்லாமல், கணினியில் தாங்களே தேர்வு எழுதலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. வீரையன் சார் மூன்று வருஷம் அலைந்து வாங்கிய அனுமதி.

அந்த அனுமதியின் அருமை ஜெயபாரதிக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் அவளுக்கு எழுதித் தர வந்த பெண் ஒளிச்சேர்க்கை என்று இவள் சொன்னதையெல்லாம் ஒலிச்சேர்க்கை என்று எழுதி வைத்திருந்தாள். விடைத்தாள் நகல் வாங்கி வேறொருவர் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. தன் கையால் செய்த பிழையென்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை. வெயில் தலையைப் பிளந்தது. வீரையன் சார் கை கொடுத்து அழைத்துப்போய் ஆய்வகத்தின் வாசலில் நிறுத்தினார். அங்கே ஒரு பெண் குரல் தடுத்தது.

“பையை வெளியில வச்சிடுங்க. போனையும்.”

தேர்வுத் துறை சார்பில் மேற்பார்வைக்கு வந்திருந்த சாவித்திரி அது. குரலை வைத்து ஐம்பதைத் தாண்டியவர் என்று ஜெயபாரதி கணித்தாள்.

“மேடம், என் லேப்டாப் இல்லாம நான் எப்படி இந்த மெஷினைப் பாக்கிறது? இது பேசவே இல்லையே.”

“வெளி மெஷின் எதையும் இங்க இணைக்கக் கூடாதும்மா. கேள்வித்தாள் இதுலதான் வரப்போவுது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கின அறை இது.” கொஞ்சம் நிறுத்தி அவரே தொடர்ந்தார். “ஒளிக்காம சொல்லிடறேன். எனக்கு இதுல ஆரம்பத்துலேர்ந்தே நம்பிக்கையில்ல. நடுவுல நின்னுட்டா புள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போச்சு. எழுதித் தர்ற ஆளுங்க பதினாலு பேரைத் தயாரா வச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு அறையை சீல் பண்ணணும். அதுக்குள்ள பேசலேன்னா அவங்களை வரச்சொல்லிடுவேன்.”

“அப்ப அஞ்சு மணி வரைக்கும் எனக்கு நேரமிருக்கு,” என்றாள் ஜெயபாரதி. “ஆனா திரையில என்ன வருதுன்னு யாராவது எனக்குப் படிச்சுச் சொல்லணும். சார் உள்ள வரலாமா?”

“கூடாது. தேர்வு எழுதுற பள்ளியோட தலைமையாசிரியர் இன்னிக்கு உள்ள வரக் கூடாது.”

“அப்ப நீங்கதான் படிக்கணும் மேடம்.”

சாவித்திரி எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“சரி, வாங்க. கம்ப்யூட்டர் பாஷை எனக்குத் தெரியாது. எழுத்து எழுத்தாத்தான் படிப்பேன்.”

“அதுதான் வேணும்.”

ஜெயபாரதி உட்கார்ந்தாள். படித்துக் காட்டவும் எழுதித் தரவும் ஆள் வேண்டாம் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடே. அதைக் காப்பாற்ற அவளே இப்போது ஒருவர் கண்ணைக் கடன் வாங்கி உட்கார்ந்திருக்கிறாள். அதையெல்லாம் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விரல்களை விசைப்பலகையில் வைத்தாள்.

நாவொலியைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் கட்டளையைத் தட்டினாள்.

“ஏதோ ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’னு வருது,” என்றார் சாவித்திரி.

தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தில் கை வைக்கும் செயலியைக் கணினி அடித்து வெளியே தள்ளும்போது வரும் செய்தி அது. எஞ்சின் வாயைத் திறக்கும் முன்பே விழுகிறது.

“நேத்து என்னென்ன ஏத்தினாங்கன்னு பட்டியல் இருக்கா மேடம்?”

காகிதம் புரண்டது. “தேர்வு சாப்ட்வேர் ஒண்ணு. விசைத்தமிழ்னு ஒண்ணு.”

விசைத்தமிழ் அவளுக்குத் தெரிந்த பெயர்தான். தமிழில் தட்டெழுத உதவும் செயலி. முத்துப்பேட்டைக்காரரான ஃபாஜில், துபாயில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியது. தாழ்வாரத்துக்குப் போய்த் தன் போனை வாங்கி அவரிடம் பேசினாள். குரலில் சூடு இருந்தது அவளுக்கே தெரிந்தது.

“தம்பி, உங்க சாப்ட்வேர் வந்ததுலேர்ந்து என்னுது சாவுது.”

“அக்கா, அதுல ஒரு வருஷமா நான் ஒண்ணும் மாத்தலயே,” என்றார் ஃபாஜில். “ஒண்ணு மட்டும் இருக்கு. தேர்வுக்காரங்க எந்தப் புரோகிராம் ஓடினாலும் விசையைப் பிடிக்கணும்னு கேட்டாங்க. அதனால எல்லாத்துக்கும் முன்னாடி என் லைப்ரரி ஏறி உக்காந்துக்கும். வேணும்னா மாத்தித் தர்றேன். ஆனா அவங்க சோதிச்சு முத்திரை வச்சதை நாளைக்குள்ள மறுபடியும் ஒத்துக்குவாங்களா?”

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதைச் சாவித்திரியும் உறுதியாகச் சொன்னார். “தேர்வு சாப்ட்வேரையும் அதோட வந்ததையும் தொட எனக்கே அதிகாரமில்ல. குரல் மட்டும்தான் பள்ளிக்கூடத்துப் பொறுப்பு.”

மாற்றினால் தன்னுடையதைத்தான் மாற்ற வேண்டும். ஜெயபாரதி திரும்பி வந்து உட்கார்ந்தாள். ‘எல்லாத்துக்கும் முன்னாடி’ என்ற சொல் மட்டும் அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

“மேடம், இப்ப நிறைய வரி வரும். தேவையில்லாததை வடிகட்டியிருக்கேன். மிச்சம் ஒரு நாப்பது இருக்கும். ஒவ்வொரு வரிலயும் எந்த ஃபைல்லேர்ந்து எந்த ஃபைலுக்குன்னு இருக்கும், கடைசியில ஒரு பேர் இருக்கும். அதைப் படிச்சாப் போதும்.”

“இது என்ன வரிங்க?”

எழுத்து எழுத்தாகப் படிக்கப்போகிறவருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்று ஜெயபாரதிக்குத் தோன்றியது. “இது மாதிரி லைப்ரரி, அதாவது மத்த புரோகிராம் கூப்பிட்டு வேலை வாங்குற தொகுப்பு எல்லாம், மெமரியில எந்த இடத்துல போய் உக்காரும்னு முன்கூட்டியே தெரியாது மேடம். ஒவ்வொரு தடவையும் வேற இடம். அதனால ஒரு வேலையைக் கூப்பிடணும்னா, அதோட முகவரி வர வேண்டிய கட்டத்தைக் காலியா விட்டுட்டு, பேரை மட்டும் குறிச்சு வச்சிருக்கும். புரோகிராமைக் கட்டுற லிங்கர் அப்படித்தான் கட்டிக் குடுக்கும். ஓடும்போது லோடர்னு ஒண்ணு வந்து, அந்தப் பேரு எங்க இருக்குன்னு தேடிப்பிடிச்சு கட்டத்தை நிரப்பும். யாரு கட்டத்துல யாரு முகவரியை நிரப்பிச்சுன்னுதான் இந்த வரியெல்லாம் சொல்லுது.”

“ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா?”

“வரிசையில முன்னாடி யாரு நிக்கிறாங்களோ அவங்க முகவரிதான்.”

“விசாரிக்காதா?”

“பேர் பொருந்தினாப் போதும் அதுக்கு.”

சாவித்திரி சிரித்துவிட்டார். “எங்க ஆபீஸ்ல ரெண்டு ராசம்மாள் இருந்தாங்க. நீடாமங்கலத்துக்குப் போட்ட மாறுதல் உத்தரவை வாங்கிக்கிட்டு வேற ராசம்மாள் போயி ஒரு வாரம் வேலை பாத்துட்டாங்க.” பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, படிக்க ஆரம்பித்தார்.

நிதானமாகத்தான் போனது. டி என்றாரா பி என்றாரா என்று விசிறிச் சத்தத்தில் விளங்கவில்லை. மூன்றாவது வரியிலேயே சாவித்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். “திருவாரூர் டி. பாபநாசம் பி. மன்னார்குடி எம்.” அதன்பிறகு தடையில்லை. நாவொலியிலிருந்து நாவொலிக்கு, நாவொலியிலிருந்து நாவொலிக்கு என்று ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. வீரையன் சார் வாசலில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை இருவருமே தொடவில்லை.

இருபத்தெட்டாவது வரியில் சாவித்திரி நின்றார். “இது வேற மாதிரி இருக்கு. நாவொலியிலேர்ந்து விசைத்தமிழுக்குப் போவுது. பேரு… ஈ, இசட், எச், யூ, திருவாரூர் டி, எச், யூ. கீழ் கோடு. பாபநாசம் பி, ஐ, ஆர், ஐ. அட, எழுத்து பிரி! தமிழு!”

ஜெயபாரதிக்குக் காது மடல் சுட்டது.

எழுத்து பிரி அவள் எழுதியது. ‘கி’ என்ற ஒரே எழுத்தைக் கணினி உள்ளே இரண்டு துண்டாகத்தான் வைத்திருக்கும். துண்டுகளை எழுத்தாகச் சேர்த்து வரிசைப்படுத்திக் கொடுக்கும் வேலை அது. எட்டு வருஷத்துக்கு முன் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைத்தபோது, உலகத்தில் இன்னொருத்தர் இந்தப் பெயரை வைக்கப்போகிறாரா என்று தைரியமாக விட்டுவிட்டாள். அதே வேலைக்கு ஃபாஜிலும் அதே பெயரை வைத்திருக்கிறார். தமிழ் தெரிந்த இருவருக்கு ஒரே சொல் தோன்றியதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவருடையது எத்தனை எழுத்து என்று எண்ணிக்கையைத் திருப்பித் தரும். இவளுடையது எழுத்துகள் இருக்கும் இடத்தின் முகவரியைத் தரும். முன்னால் நின்ற அவருடையதை லோடர் பிடித்துக்கொடுக்க, நாவொலி எண்ணிக்கையை முகவரியென்று நம்பிப் போய் இல்லாத இடத்தில் கால் வைத்து விழுந்துகொண்டிருந்தது.

அவருடையது முன்னால் ஏறியது குற்றமா? தன் வீட்டுக்குள்ளேயே புழங்கும் பெயரை வெளியாருக்குத் தெரியாமல் மறைத்து வைக்க வழி இருக்கிறது. மறைத்திருந்தால் லிங்கர் கட்டும்போதே அந்தக் கட்டத்தை உள்ளுக்குள் முடித்திருக்கும். லோடர் வெளியே போய்த் தேடியே இருக்காது. அவளுக்கு அது தெரியும். அப்புறம் செய்யலாம் என்று விட்டது எட்டு வருஷம் ஆகிவிட்டது.

“மேடம், தப்பு என்னுது,” என்றாள்.

“இவ்ளோ நேரம் அந்தத் தம்பியைத்தானே சொல்லிட்டிருந்தீங்க?”

“ஆமா. அவர் மேல தப்பில்ல. நான்தான் மூடி வைக்க வேண்டியதைத் திறந்து போட்டிருக்கேன். சரிபண்ணி எடுத்துட்டு வர்றேன்.”

மணி இரண்டரை. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து தன் மடிக்கணினியில் வேலையைத் தொடங்கினாள். தொடங்கு, பேசு, முடி என்ற மூன்று பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைக்கும்படி எழுதி, எஞ்சினைப் புதிதாகக் கட்டினாள். ஒரு வாக்கியம் ஓட்டிக் கேட்டாள். பேசியது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சாவித்திரி ஒரு தாளில் நடந்ததை எழுதி வைத்திருந்தார். படித்துக் காட்டினார். குறை குரல் எஞ்சினில் இருந்தது என்றும், அதை எழுதியவரே ஒப்புக்கொண்டு திருத்தினார் என்றும், தன் முன்னிலையில், தன் அனுமதியோடு பென்டிரைவிலிருந்து மாற்றப்படுகிறது என்றும் இருந்தது. “இதுக்கு நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும். உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்.” பிறகு ஏதோ ஒரு டப்பா மேஜையில் நகர்ந்து வந்தது.

“கைநாட்டுக்கு மை டப்பாவா மேடம்? பேனா குடுங்க.”

பேனா வந்தது. கோட்டின் மேல் சாவித்திரி விரலை வைத்துக் காட்ட, ஜெயபாரதி முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

முதல் கணினியில் புதிய எஞ்சினை ஏற்றித் திரைவாசிப்பானைத் தொடங்கினாள். “வணக்கம்,” என்றது இயந்திரம். வாசலில் வீரையன் சார் கை தட்டினார்.

“ஒரு புள்ளையைக் கூப்பிட்டு வச்சுப் பாத்துடுவோம்,” என்றார் சாவித்திரி. நாளை தேர்வு எழுதப்போகும் சபிஹா என்ற பெண் வந்தாள். மாதிரிக் கேள்வித்தாளைத் திறந்தாள். குரல் படித்துக்கொண்டே போனது. பாதியில் அவள் வழக்கம்போல, போதும் என்று நிறுத்தும் விசையைத் தட்டினாள்.

குரல் நின்றது. அடுத்து எதைத் தட்டியும் திரும்பி வரவேயில்லை.

“அக்கா, செத்துடுச்சு,” என்றாள் சபிஹா.

ஜெயபாரதி விசைப்பலகையை வாங்கி, திரைவாசிப்பான் விட்டுப்போன பிழைக் குறிப்பைத் திறந்தாள். “என்ன இருக்கு மேடம்?”

“‘அன்டிஃபைண்ட் சிம்பல்’. அப்புறம்… நிறுத்து.”

கேட்ட பெயர் கிடைக்கவில்லை என்கிறது. அவசரம். வேறென்ன? ‘நிறுத்து’ என்ற பெயரைத் திரைவாசிப்பான் வெளியிலிருந்து கேட்கும் என்பதை மறந்து அதையும் மறைத்திருக்கிறாள். ஒரு பெயரை முதன்முறை கூப்பிடும்போதுதான் லோடர் தேடும். அதனால் நிறுத்தச் சொல்லும் வரைக்கும் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே இருந்தது. நாளைக்குத் தேர்வு நடுவில் நடந்திருந்தால் பதினான்கு பேரும் ஐந்து நிமிஷத்தில் குரலை இழந்திருப்பார்கள்.

“மணி நாலாவப் போவுது,” என்றார் சாவித்திரி. குரலில் கண்டிப்பு இல்லை, கவலை இருந்தது. “ஆளுங்களுக்குச் சொல்லிடவா?”

“அஞ்சுன்னு சொன்னீங்க மேடம். அஞ்சு வரைக்கும் குடுங்க.”

“வேணாம் அக்கா, ஆளெல்லாம் வேணாம்,” என்றாள் சபிஹா, யார் கேட்கிறார்கள் என்று யோசிக்காமல். “நானே எழுதிக்கிறேன்.”

இந்த முறை ஜெயபாரதி அவசரப்படவில்லை. திரைவாசிப்பான் நாவொலியிடம் கேட்கும் பெயர்கள் எத்தனை என்று முதலில் பட்டியல் எடுத்தாள். ஏழு. ஏழையும் திறந்து, மற்றதை மூடினாள். இன்னொன்றும் செய்தாள். நடுவில் தேடுகிற வேலையே கூடாது. தொடங்கும்போதே எல்லாப் பெயரையும் தேடி எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட வேண்டும், ஏதாவது இல்லையென்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று லோடருக்குக் குறிப்பு வைத்துக் கட்டினாள். வேகம், குரல் ஏற்ற இறக்கம், நிறுத்து, தொடர் என்று ஒவ்வொரு விசையையும் தன் மடிக்கணினியிலேயே தட்டிப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

நாலு மணி இருபது நிமிஷத்துக்கு முதல் கணினி பேசியது. சபிஹா நிறுத்தும் விசையைத் தட்டினாள். நின்றது. மறுபடி தட்டினாள். பேசியது. இருபது தடவை தட்டினாள்.

“அந்த நாப்பது வரியையும் இன்னொரு தரம் போடுங்க,” என்றார் சாவித்திரி, யாரும் கேட்காமலே. ஒவ்வொன்றாகப் படித்தார். மறைத்ததெல்லாம் போக இப்போது பதினொரு வரிதான் இருந்தது. விசைத்தமிழுக்குப் போகும் வரி ஒன்றுகூட இல்லை.

மீதிப் பதிமூன்றுக்கும் வரிசையாகப் போனார்கள். ஜெயபாரதி ஏற்றினாள், சபிஹா தட்டினாள், சாவித்திரி தாளில் எண்ணைக் குறித்தார். ஒன்பதாவதில் ஹெட்போன் கம்பி அறுந்திருந்தது. வீரையன் சார் வேறொன்றை வாசலில் வைத்தார். ஐந்தாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது கதவைச் சாத்தி அரக்கு வைத்தார்கள்.

அன்று இரவு ஜெயபாரதி வீரையன் சார் வீட்டில் தங்கினாள். அங்கிருந்து ஃபாஜிலுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். காலையில் கோபமாகப் பேசியதற்கு மன்னிப்பு, நடந்தது என்ன, உங்கள் லைப்ரரியிலும் உள்பெயர்கள் திறந்துதான் கிடக்கின்றன, மூடிவிடுங்கள் என்று மூன்று பத்தி.

மறுநாள் தேர்வு தொடங்கியபோது தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பதினான்கு விசைப்பலகைகள் ஓடும் சத்தம் கதவு வழியாகக் கேட்டது. ஏதாவது ஒன்று கொஞ்ச நேரம் நின்றால் இவளுக்கு மூச்சு நின்றது. அது திரும்ப ஓடும். ஒரு மணி நேரம் கழித்துத்தான், நிற்பது யோசிப்பதற்காக என்று அவளால் நம்ப முடிந்தது. சாவித்திரி ஒருமுறை வெளியே வந்து அவள் தோளைத் தொட்டு, “ஓடுது,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மணி அடித்தது. பிள்ளைகள் சளசளவென்று வெளியே வந்தார்கள். நெடுவினாவில் இரண்டாவது கேள்வி புத்தகத்திலேயே இல்லை என்றான் ஒருவன். இருக்கிறது, நீதான் படிக்கவில்லை என்றாள் இன்னொருத்தி. நாற்காலி ரொம்பத் தாழ்வு, முதுகு வலிக்கிறது என்று சபிஹா வீரையன் சாரிடம் புகார் சொன்னாள். குரலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜெயபாரதி கோலை விரித்தாள். “சார், நாற்காலி தாழ்வாம். அடுத்த தேர்வுக்குள்ள பாருங்க,” என்று சொல்லிவிட்டு, கும்பகோணத்துக்கு அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.